மாடிக்கு வைஃபை ஏறவில்லையா? புது ரவுட்டர் வாங்கும் முன்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில், மாமனார் காலத்தில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கம்பி நெருக்கமாகப் போட்ட கான்கிரீட் தளம். கீழே நானும் அத்தையும். மாடி அறை மகளுக்கு. பெங்களூரு வேலையை மாதத்தில் இரண்டு வாரம் இங்கிருந்தேதான் பார்க்கிறாள். நான் ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க "சர்வர் பிஸிங்க, கொஞ்சம் இருங்க" என்று ஊருக்கே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், படிக்கட்டிலிருந்து குரல் வரும்: "அம்மா, திரும்பவும் மீட்டிங் கட் ஆயிடுச்சு!" கூடத்தில் டேப்பில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தை, "எனக்கு நல்லாத்தான ஓடுது" என்பார்.

பாதி விடை அத்தையின் பேச்சிலேயே இருந்தது. அதைக் காதில் வாங்காமல் நான் ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

"நெட் வரலை" என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. தெருவிலிருந்து வீட்டில் மாட்டியிருக்கும் ரவுட்டர் பெட்டி வரை வருவது ஒன்று. பெட்டியிலிருந்து கைபேசி வரை போவது இன்னொன்று. இரண்டாவதில் கோளாறு இருக்கும்போது பிளானை 100-லிருந்து 200-க்கு ஏற்றினால் கம்பெனிக்குத்தான் லாபம். அதனால் முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் பான் என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். லாஸ் என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் கோளாறு வெளியே. நீங்கள் வீட்டுக்குள் எதைத் திருகியும் பயனில்லை, கம்பெனிக்குப் போன் போடுங்கள். பான் பச்சையாக இருந்தால் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று, கைபேசியில் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறந்து வேகம் பாருங்கள். அப்புறம் கூடம், சமையலறை, மாடி என்று ஒவ்வோர் இடமாகப் போய் அதையே செய்து ஒரு தாளில் குறியுங்கள். எங்கள் 100 எம்பிபிஎஸ் பிளானில் பெட்டிக்குப் பக்கத்தில் 94, கூடத்தில் 60, மாடி அறையில் 4. சில நேரம் 1.

இங்கே ஒரு கணக்கு. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற பிட் கணக்கு. நாம் ஃபைல் இறக்கும்போது பார்ப்பது பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. "நூறு சொல்லிட்டு பன்னெண்டுதான் தர்றான்" என்று கடைக்கு வந்து சண்டை போடுபவர்களுக்கு நான் வாரம் ஒருமுறை இதைச் சொல்கிறேன். வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே தாராளம். மகளுக்கு வேகம் குறைவாக இருந்தது பிரச்சினை இல்லை, அது நிலையில்லாமல் ஆடியதுதான் பிரச்சினை.

அடுத்து, அலை எவ்வளவு எட்டுகிறது என்று அளப்பது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச ஆப்கள் கிடைக்கும். ஐபோனில் அப்படி ஆப் வைக்க ஆப்பிள் விடுவதில்லை, ஆனால் ஆப்பிளின் சொந்த ஆப்பான ஏர்போர்ட் யுடிலிட்டியில் ஸ்கேனர் உண்டு. போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் அதை ஆன் செய்தால் வேலை செய்யும். திரையில் மைனஸ் போட்டு ஓர் எண் வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 பிரமாதம். மைனஸ் 67 வரை வீடியோ மீட்டிங் தாங்கும். மைனஸ் 80 என்றால் வாட்ஸப் செய்தியே திணறும். பத்து இறங்கினால் சக்தி பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் பெட்டியருகே மைனஸ் 45, மாடியில் மைனஸ் 79. ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாகத்தான் மேலே போய்ச் சேர்கிறது.

ஏன் என்று பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி, கம்பம் பக்கம் என்பதால் வாசல் மூலையில் மீட்டர் போர்டுக்குக் கீழே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். பிறகு நாங்கள் அதன் முன்னால் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தோம், கண்ணாடி பதித்த பீரோ. இரும்பும், கண்ணாடியின் பின்பக்க ரசப்பூச்சும் வைஃபையைத் திருப்பி அடித்துவிடும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மீன் தொட்டி, தண்ணீர் டிரம் பக்கமும் வேண்டாம். ஃபிரிட்ஜ் தலைமேலும் வேண்டாம், நிறையப் பேர் அங்கேதான் வைக்கிறார்கள்.

பெட்டிக்கு நல்ல இடம் வீட்டின் நடுப்பகுதி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, திறந்த சுவர். மாடி வீடென்றால் படிக்கட்டு ஆரம்பிக்கும் இடம். அங்கே அலை ஏற ஒரு வழி இருக்கிறது, தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபைபர் வயரை நீங்களே பிடுங்கி மாற்றாதீர்கள். அதன் நுனியில் ஒரு தூசி ஒட்டினாலே போதும், சிக்னல் படுத்துவிடும். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர், நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் ஆகாது. கம்பெனி ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். மிச்ச வயரைச் சுருட்டி வைக்கும்போது டீ டம்ளர் வாய் அளவுக்குக் குறையாத வளையமாகச் சுருட்டச் சொல்லுங்கள், மடக்கி ஆணிக்குள் செருக வேண்டாம். பெட்டியில் நீளக் கொம்புகள் இருந்தால் ஒன்றை நேராக நிறுத்தி, ஒன்றைப் படுக்க வையுங்கள். கொம்பின் பக்கவாட்டில்தான் அலை நன்றாகப் பரவும், நுனிப் பக்கம் குறைவு.

இடம் மாற்றியதில் மட்டும் மாடியில் 4 இருந்தது 18 ஆனது. செலவு, வந்த தம்பிக்குக் கொடுத்த காபிக் காசு. சின்ன வீடாக இருந்தால் இதோடு கதை முடிந்தது.

இன்னொரு காசில்லா வேலை, சேனல் மாற்றுவது, அதாவது பெட்டி பேசும் அலைவரிசையை மாற்றுவது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அனலைசரைத் திறந்தால் எங்கள் தெருவே தெரியும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அதில் கூட்டம் குறைந்ததைப் பார்த்துப் பெட்டியில் நிலையாக வைத்துவிடுங்கள். அங்கேயே சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, கூட்டமும் குறைவு, சுவரைக் கண்டால் மட்டும் சோர்ந்துவிடும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் பெரும்பாலும் 2.4-ல் மட்டுமே சேரும், அது 5-ல் வரவில்லையே என்று பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எங்களுக்கு அந்த 18-ம் நிலையாக நிற்கவில்லை, மழைநாளில் ஜன்னல் கதவெல்லாம் சாத்தினால் அதுவும் குறைந்தது. பிளக்கில் செருகும் எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மலிவானவை ஒரே அலையில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும். வேகம் பாதியாகிவிடும். அதிலும் நான் அதை சிக்னல் செத்த மாடி அறையிலேயே செருகி வைத்தேன். தனக்கே கேட்காததை அது யாருக்குச் சொல்லும்?

கடைசியில் வேலை செய்தது ஒரு கேபிளும் பரணில் கிடந்த பழைய ரவுட்டரும். கீழ்ப் பெட்டியிலிருந்து மாடிக்குக் கேபிள் இழுத்து, அதன் மேல்முனையில் பழைய ரவுட்டரை மாட்டி, அங்கிருந்து வைஃபையைப் பரப்புவதுதான் யோசனை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நெட் கேபிளில் கேட் 6 என்ற ரகம் வாங்கினேன், கேட் 5இ ரகமே போதும். இரண்டும் 100 மீட்டர் வரை ஒரு ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ் தாங்கும். கடையில் ஒரு அங்குலம் வெட்டித் தரச் சொல்லி, உள்கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். முழுக்கச் செம்பு நிறமாக இருந்தால் வாங்கலாம். மேலே செம்பு, சுரண்டினால் உள்ளே வெள்ளையாக வந்தால் அது அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு, நாளாவட்டத்தில் முனையில் ஒடியும். கேபிளைக் கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் விடக்கூடாது. எங்கள் வீட்டில் பழைய டிவி ஆண்டெனா வயர் இறங்கிய ஓட்டை அப்படியே இருந்தது, அதற்குள் விட்டேன். முனையில் கிளிப் அடிக்கும் வரிசை, கிளிப்பின் கொக்கி கீழே பார்க்க இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. எட்டில் ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் நெட் ஓடலாம், ஆனால் 100-ஐத் தாண்டாது.

பழைய ரவுட்டரை முதலில் அந்தக் கேபிளில் மாட்டாமல் தனியாக வைத்து அமையுங்கள். பின்பக்க ரீசெட் ஓட்டையில் ஊக்கால் பத்து நொடி அழுத்துங்கள், பழைய அமைப்பெல்லாம் போய்விடும். லேப்டாப்பை ஒரு சின்னக் கேபிளால் அதன் லேன் என்று எழுதிய துளையில் செருகி, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை பிரவுசரில் போடுங்கள். உள்ளே போனதும் லேன் என்ற பக்கத்தில் அதன் முகவரியை மாற்ற வேண்டும். கீழே இருக்கும் எங்கள் பெரிய பெட்டியின் முகவரி 192.168.1.1, அதனால் இதற்கு 192.168.1.2 கொடுத்தேன். கூடவே பெரிய பெட்டியில் மற்ற கருவிகளுக்கு எண் கொடுப்பது 10-லிருந்து தொடங்கும்படி வைத்தேன், இல்லாவிட்டால் 2-ஐ அது ஏதாவது கைபேசிக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். சேவ் செய்ததும் பக்கம் அறுந்துபோகும், பதற வேண்டாம், புது எண்ணைப் போட்டுத் திரும்ப உள்ளே போங்கள். இப்போது டிஎச்சிபி சர்வரை ஆஃப் செய்யுங்கள். சேவ் அழுத்துங்கள். அழுத்தினீர்களா என்று இன்னொருமுறை பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் அழுத்தவில்லை. டிஎச்சிபி என்பது வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுத்து, "வெளியே போக இந்த வாசல்" என்று காட்டுகிற வேலை. ஒரு வீட்டில் அதை ஒருவர்தான் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் செய்தார்கள். சில போன்களுக்கு நெட் வந்தது, சிலதில் "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை". மேலே எல்லாம் ஜம்மென்று ஓட, கீழே அத்தையின் டேப் சுற்றிக்கொண்டே நின்றது. "பேத்திக்கு வழி பண்ணுறேன்னு என் நாடகத்தை நிறுத்திட்டியேம்மா" என்றார். ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் டேப்பில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்: கேட்வே 192.168.1.2. வெளிவாசலே இல்லாத ரவுட்டரை வாசல் என்று பிடித்து வைத்திருந்தது. உங்கள் வீட்டிலும் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்றால் முதலில் கேட்வேயைப் பாருங்கள்.

மிச்சம் எளிது. மாடி ரவுட்டரின் வைஃபைக்குக் கீழே உள்ள அதே பெயர், அதே கடவுச்சொல், அதே டபிள்யூபிஏ 2 பாதுகாப்பு. சேனல் மட்டும் வேறு: கீழே 1, மேலே 11. கேபிளை மாடி ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள், நிறம் மாறித் தனியாக இருக்கும் வேன் துளையில் அல்ல. உங்கள் ரவுட்டரில் அக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு தேர்வே இருந்தால் மேலே சொன்ன முகவரி, டிஎச்சிபி வேலையெல்லாம் வேண்டாம், அதைத் தொட்டால் போதும். அந்த மோடில் பெரும்பாலும் வேன் துளையையே பயன்படுத்தலாம். எங்கள் மாடியில் இப்போது 90-க்குக் குறையாமல் வருகிறது.

கைபேசிக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. மாடி ஏறிய பிறகும் கீழ்ப் பெட்டியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பக்கத்தில் இருப்பதற்கு மாறிவிடும். வைஃபை மாடிக்கு நன்றாக வந்துவிட்டதால் சிம் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கையும் ஆன் செய்தோம். கான்கிரீட்டுக்குள் டவர் கிடைக்காத அறையிலும் சாதாரண போன் பேச்சு வைஃபை வழியே போகும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன, இன்னும் பலர் ஆன் செய்யாமலே மொட்டைமாடிக்கு ஓடிப் பேசுகிறார்கள்.

கையோடு இரண்டு பெட்டியிலும் உள்நுழையும் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல் இல்லாமலே பட்டனை அழுத்தி இணைக்க விடும் டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் செய்துவிடுங்கள். கரண்ட் போனால் மாடிப் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் இரண்டுமே உயிரோடு இருந்தால்தான் மேலே நெட். சின்ன ரவுட்டர் யுபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதே வோல்ட்டில் வாங்குங்கள், பெரும்பாலும் 12 இருக்கும், சில பழைய ரவுட்டர்களுக்கு 9. ஆம்பியர் எழுதியதற்குக் குறையக்கூடாது.

விருந்தாளி வந்தால் கடவுச்சொல்லைக் கத்திச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம், பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும் சேர்த்துத்தான். இப்போது கீழ்ப் பெட்டியில் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று திறந்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் உள்ள போனில் அந்த வைஃபையைத் தொட்டு ஷேர் கொடுத்தால் கியூஆர் படம் வரும். அதைக் கடையில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, கூடத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். யார் வந்தாலும் அத்தைதான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து காட்டுகிறார்.