மெலனோமா திசுவில் எந்த நோயெதிர்ப்புச் செல் எதன் அருகே நிற்கிறது என்று பார்ப்பது எப்படி

மெலனோமா என்பது நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய். அந்தக் கட்டியைக் கரைத்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு எண்ணும் கருவியில்) செலுத்தினால் எந்த நோயெதிர்ப்புச் செல் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பது கரைக்கும்போதே போய்விடும். கட்டிக்குள் நுழைந்த சிடி8 டி செல்லும் (புற்றுச் செல்லைக் கொல்லும் வகை) ஓரத்திலேயே தேங்கிவிட்ட சிடி8 டி செல்லும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். உறவாடலைப் பார்க்கத் திசுவை வெட்டி, ஒவ்வொரு செல்வகையின் புரதத்திலும் ஒட்டும் ஆன்டிபாடிகளின் வழியே பல ஒளிர்சாயங்களை ஏற்றித்தான் ஆக வேண்டும். மெலனோமாவில் இதற்குப் பெரிய இடைஞ்சல் மெலனின் என்ற கருநிறமி.

திசுவை அதன் கனஅளவைப் போல் குறைந்தது 10 மடங்கு 10% நடுநிலை ஃபார்மலினில் 24 மணி நேரம் வையுங்கள். பாரஃபினில் பதித்தபின் 4 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். டி செல்லின் விட்டமே 7 முதல் 10 மைக்ரான்தான். வெட்டு தடித்தால் மேலும் கீழுமாகக் கிடக்கும் செல்கள் ஒட்டி நிற்பதுபோல் தெரியும். ஸ்லைடை 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, சைலீன், ஆல்கஹால் வழியாக நீருக்குக் கொண்டுவாருங்கள். பிறகு, ஃபார்மலின் மறைத்த ஆன்டிஜென்களை (ஆன்டிபாடி ஒட்டும் இலக்குகளை) வெளிக்கொணர, பிஎச் 9 டிரிஸ்-இடிடிஏ கரைசலில் 95–98 டிகிரியில் 20 நிமிடம். அதே கரைசலிலேயே ஆறட்டும். சூடாக வெளியே எடுத்தால் திசு காய்ந்துவிடும். காய்ந்த இடமெல்லாம் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டும்.

மெலனின் ஒளியை விழுங்கிவிடும். கருமை அடர்ந்த பகுதியில் டி செல்லே இல்லை என்ற முடிவு பல நேரம் இதனால்தான் வருகிறது. பிபிஎஸ் (பாஸ்பேட் உப்பு) கரைசலில் 10% ஹைட்ரஜன் பெராக்சைடு, 60 டிகிரி, 30 நிமிடம்: பெரும்பாலான வெட்டுகள் இதில் வெளுக்கும். குமிழிகள் திசுவைத் தூக்கிவிடும் என்பதால் மின்னேற்றம் பெற்ற ஸ்லைடுகள் கட்டாயம். பெர்மாங்கனேட் முறை வேகமானதுதான், ஆனால் பல ஆன்டிஜென்களைச் சிதைக்கும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு ஆன்டிபாடியையும் வெளுத்த டான்சில் (தொண்டைச் சதை) வெட்டிலும் வெளுக்காததிலும் அருகருகே சோதித்த பிறகே மெலனோமாவில் பயன்படுத்துங்கள்.

புற்றுச் செல்லை அடையாளம் காண சாக்ஸ்10 என்ற புரதம் நல்லது. எஸ்100 புரதம் வேண்டாம்: தோலின் லாங்கர்ஹான்ஸ் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் அதில் ஒளிரும், நோயெதிர்ப்புச் செல்லைப் புற்றுச் செல் என்று எண்ணிவிடுவீர்கள். இதோடு சிடி8, ஃபாக்ஸ்பி3 (மற்ற டி செல்களை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்லுக்கு), பிடி-எல்1 (டி செல்லின் தாக்குதலைத் தடுக்கும் புரதம்), சிடி68 (மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்லுக்கு), கடைசியில் கருவுக்கு டாபி சாயம். டைரமைடு முறையில் ஆன்டிபாடிகளைச் சுற்றுக்கு ஒன்றாக ஏற்றி, ஒவ்வொன்றின் ஒளிர்சாயத்தையும் திசுவிலேயே படியவைப்போம். ஒரு சுற்றின் படிவு கனமானால் அதே செல்லில் அடுத்த சுற்றை மறைக்கும். மேக்ரோஃபேஜ்களிலும் பிடி-எல்1 இருப்பதால் அதை சிடி68-க்கு முந்தைய சுற்றில் வைப்பதே பாதுகாப்பு. சாயமே ஏற்றாத ஒரு ஸ்லைடையும் படமெடுங்கள். சருமத்தின் எலாஸ்டின் இழைகளும் சிவப்பணுக்களும் தாமாகவே ஒளிரும்.

மெலனினை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் இன்னொரு பொறி. நிறத்தை வைத்துப் பார்த்தால் அவை புற்றுச் செல்களாகவே தோன்றும். வெளுப்பதற்கு முன் சாதாரண ஒளியில் ஒரு படம் எடுத்து வைத்து, பிறகு சிடி68 படத்தோடு பொருத்திப் பாருங்கள்.

அளவிடுவதற்கு இலவச மென்பொருளான க்யூபாத் போதும். கருவைக் கண்டறிந்து, சுற்றிலும் 3–5 மைக்ரான் விரித்துச் செல் எல்லையாகக் கொள்ளுங்கள். அதற்கு மேல் விரித்தால் பக்கத்துச் செல்லின் பிடி-எல்1 டி செல்லின் கணக்கில் ஏறிவிடும். கட்டியின் எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே 500, வெளியே 500 மைக்ரானை விளிம்பு என்று தனியே பிரியுங்கள். ஒவ்வொரு சிடி8 செல்லிலிருந்தும் மிக அருகிலுள்ள சாக்ஸ்10 செல், ஃபாக்ஸ்பி3 செல், மேக்ரோஃபேஜ் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுங்கள்.

அருகில் இருப்பதாலேயே உறவு உண்டு என்று எழுதிவிடாதீர்கள். செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் எதுவும் எதற்கும் அருகில்தான் இருக்கும். செல்களின் இடங்களை அப்படியே வைத்து, செல்வகைப் பெயர்களை மட்டும் அதே பகுதிக்குள் 1000 முறை மாற்றிக் கலைத்து, கிடைக்கும் தூரங்களோடு ஒப்பிடுங்கள். சிடி8 செல்கள் புற்றுச் செல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் பிடி-எல்1 கூடியிருந்தால், டி செல் சுரந்த இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்துக்குப் புற்றுச் செல் காட்டும் பதிலாக அது இருக்கலாம். கட்டி முழுவதும் ஒரே சீராகப் பிடி-எல்1 இருந்தால் காரணத்தைப் புற்றுச் செல்லுக்குள்ளேயே தேடுங்கள். புள்ளியியலில் அலகு நோயாளிதான். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு சராசரி எடுத்து, அவற்றையே ஒப்பிடுங்கள்.