குளிர்காலம் முடிந்து வீடு திரும்பும் தம்பதிக்கு: பெட்டி கட்டுவதிலிருந்து பைப் திறப்பது வரை

வெயில் நாட்டுக்குக் கிளம்பும்போது எல்லாமே புதுசாக இருக்கும்: மருந்து நிறைய, விசாவில் நாள் நிறைய, பெட்டியில் இடமும் நிறைய. மூன்று நான்கு மாதம் கழித்துத் திரும்பும்போது இவை மூன்றும் ஒரே வாரத்தில் தீர்ந்துபோகின்றன. போய்ச் சேருகிற வீடும் பூட்டிக் கிடந்து குளிர்ந்திருக்கும். இந்த நிலையில் ஒரு விமானம் தாமதமானாலே போதும், எல்லாச் சிக்கலும் சேர்ந்து வந்துவிடும். அதனால் திட்டமிடும்போது இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதையும் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். இருவரில் ஒருவர் மட்டும் வர நேர்ந்தாலும் வீட்டுக்குள் போக முடிகிற மாதிரி எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

தேதியும் டிக்கெட்டும்

ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) விசா இல்லாமல் தங்குகிறவர்களுக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் அனுமதி. இறங்கிய நாளும் கிளம்புகிற நாளும் அந்தக் கணக்கில் சேரும். 90ஆவது நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஊரில் பனி கொட்டி விமானம் ரத்தானால், மறுநாள் காலையிலேயே நீங்கள் விதியை மீறியவர் ஆகிவிடுவீர்கள். 85ஐத் தாண்டாமல் போடுவது நல்லது. வேறு நாடுகளில் விதி வேறு. ஐந்து நாள் கையிருப்பு எங்கேயும் வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்), வீடு வரைக்கும் ஒரே டிக்கெட். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட்டில் இருப்பவரை வேறு விமானத்தில் ஏற்றுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட்டின் காசு போனதுதான். தனித்தனியாகத்தான் வாங்கியாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு இரவு தங்குங்கள். ஒரே டிக்கெட்டிலும், இணைப்புக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று இணையதளம் காட்டினாலும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாக வருகிறவர்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவு வரிசையில் நின்று, பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த மூன்று மணி நேரமும் அதிலேயே கரையும்.

பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. முதல் கட்ட விமானம் சரிப்படாது என்று தெரிந்ததும் ரயில் பிடித்து நேராகப் பெரிய விமான நிலையத்துக்குப் போய்விடுவார்கள். நிறுவனத்திடம் சொல்லாமல் முதல் கட்டத்தை விட்டால் மீதி டிக்கெட் முழுவதும் தானாக ரத்தாகிவிடும். முதலில் போன் செய்து டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள், பிறகு ரயில் ஏறுங்கள். ஒருவருக்கு உடம்பு முடியாமல் மற்றவர் மட்டும் கிளம்ப வேண்டி வந்தால், விமானம் புறப்படும் முன்பே பி.என்.ஆரைப் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதம் திரும்புகிறவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும், அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படுகிறது. போன் தானாக மாறிக்கொள்ளும். கைக்கடிகாரமும் வாடகை வீட்டுச் சுவர்க் கடிகாரமும் மாறாது.

பெட்டி

இவருடைய துணி ஒரு பெட்டி, அவருடைய துணி ஒரு பெட்டி என்று கட்டாதீர்கள். இரண்டு பெட்டியிலும் இருவர் துணியும் பாதிப் பாதி இருக்கட்டும். ஒரு பெட்டி வராமல் போனாலும் இருவருக்கும் மாற்றுத் துணி மிஞ்சும். செக்-இன் செய்யும்போது மட்டும் ஆளுக்கொரு பெட்டியாக, அவரவர் பெயரில் டேக் ஒட்டச் சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டிக்கான இழப்பீட்டு வரம்பு பயணி ஒருவருக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இரண்டும் ஒருவர் பெயரிலேயே போயிருந்தால், ஒருவருடைய வரம்போடு முடிந்தது என்று நிறுவனம் வாதாட இடம் கிடைத்துவிடும்.

கைப்பை ஆளுக்கொன்று. ஒவ்வொன்றிலும் அவரவர் பாஸ்போர்ட், வீட்டுச் சாவி ஒரு செட், வங்கி அட்டை, சார்ஜர், கம்பளிச் சட்டை, தடித்த காலுறை. சாவியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, நள்ளிரவில் சொந்த வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மருந்து முழுவதும் கைப்பையில்தான். பயண நாட்களுக்குப் போக இன்னும் 10 நாளைக்கு இருக்க வேண்டும். இன்சுலினை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். சரக்கு அறையில் உறைந்துபோனால் திரும்ப இளகினாலும் அது வேலைக்கு ஆகாது. வெளிநாட்டில் வாங்கிய மாத்திரையின் வணிகப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. மூலப் பெயரையும் அளவையும் எழுதி, டாக்டர் சீட்டோடு வையுங்கள். கோடீன் என்ற அபின் வகை மருந்து கலந்த வலி மாத்திரை ஒரு நாட்டில் சீட்டில்லாமல் கிடைக்கும், இன்னொரு நாட்டுச் சுங்கத்தில் கேள்வி வரும். மிச்சத்தை அங்கேயே மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு வருவது உத்தமம்.

விமானம் நிறைந்திருந்தால் ஏறுகிற வாசலில் கைப்பையையும் வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் மருந்தையும் பவர் பேங்கையும் தேடிப் பிடிக்க முடியாது. கைப்பைக்குள்ளேயே ஒரு சிறிய துணிப்பையில் மருந்து, பாஸ்போர்ட், சாவி, பவர் பேங்க் நான்கையும் வைத்துவிட்டால், அதை மட்டும் உருவிக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். பவர் பேங்க் சரக்கு அறைக்குப் போகவே கூடாது. கையில் கொண்டுபோக 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணிதான்.

பெட்டி வராவிட்டால்

பெல்ட் நின்றும் பெட்டி வரவில்லையென்றால், சுங்கத்தைத் தாண்டி வெளியே போகாதீர்கள். உள்ளேயே இருக்கும் பெட்டி விசாரணை மேசையில் பி.ஐ.ஆர். (பெட்டி வராததைப் பதிவு செய்யும் புகார்) எண் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவசரத்துக்கு வாங்கும் பற்பசை, உள்ளாடை, கோட்டு எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். பெட்டி சேதமாக வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போயாக வேண்டும். பி.ஐ.ஆர். போட்டதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். இழப்பீட்டுக் கடிதம் தனியாக எழுதுங்கள்.

குளிர்ந்த வீடு

வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகக் குழாய்க்குத்தான் போகும். போகக் கூடாது. முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள்: ஹீட்டரின் புகைபோக்கியும் காற்றுக்குழாயும் பனியாலோ பறவைக் கூட்டாலோ அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு (மணமில்லாத நச்சு வாயு) அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதித்துவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். அன்றிரவு இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். வெளியே போய் நின்று, அங்கிருந்தே அவசர உதவியை அழையுங்கள்.

தண்ணீரைத் திறக்கச் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். உறைந்த பைப் வெடித்திருந்தாலும் பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். ஒழுக்கு தெரிவது இளகிய பிறகுதான். வெளிச்சுவரை ஒட்டியும் சமையலறைத் தொட்டிக்கு அடியிலும் போகிற பைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள், கையால் தடவுங்கள். புடைப்போ வெண்படலமோ இருந்தால் பிளம்பர் வரும்வரை வால்வைத் தொடாதீர்கள். உறைந்த இடத்தை ஹேர் டிரையரால் இளக்கலாம். குழாய் வாயைத் திறந்துவைத்து, அந்தப் பக்கமிருந்து உறைந்த இடத்தை நோக்கி நகருங்கள். தீச்சுடர் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால், மாடியில் ஒரு குழாயைத் திறந்துவைத்து, மெயின் வால்வைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ஒருவர் வால்வில் நிற்க, இன்னொருவர் அறை அறையாகப் போய்க் காது கொடுக்க வேண்டும். காற்று சீறி அடங்கி, தண்ணீர் சீராக வந்தபின் முழுதாகத் திறந்து, எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது.

வெந்நீர் டேங்க்கை வடித்துவிட்டுப் போயிருந்தால், வெந்நீர்க் குழாயில் துப்பாமல் தண்ணீர் வரும்வரை அதன் சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீரில் முழுகாத ஹீட்டிங் எலிமென்ட் சில நொடியில் கருகிவிடும். நின்ற தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்; சாரலோடு மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் அதற்குப் பிடித்த சூடு. டேங்க்கை 60 டிகிரிக்கு ஏற்றி, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, சாரல் தெறிக்காதபடி சில நிமிடம் ஓடவிட்ட பிறகு குளியுங்கள். குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம். வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும்; ஒரு லிட்டர் ஊற்றினால் அடங்கும்.

ஃபிரீசரில் ஐஸ் துண்டுகள் ஒரே பாளமாக ஒட்டியிருந்தால் நடுவில் கரண்டு போயிருக்கிறது. உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள்.

காரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12க்குக் கீழே வடிந்தது. வடிந்த பேட்டரி கடுங்குளிரில் உறையும். பேட்டரியின் உறை உப்பியிருந்தால் ஜம்பர் கேபிளைக் (இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் வயர்) கிட்டவே கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும். உப்பாவிட்டால் சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், மறுமுனையை நல்லதின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்லதின் மைனஸ்ஸிலும், கடைசி முனையைச் செத்த காரின் பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்திலும் மாட்டுங்கள். கடைசி முனையில்தான் பொறி பறக்கும், அது பேட்டரிக்குப் பக்கத்தில் வேண்டாம். காரிலேயே திரும்பி வந்தவர்கள், வெயில் நாட்டில் வைப்பர் டேங்க்கில் ஊற்றிய வெறும் தண்ணீரை எல்லை வருவதற்குள் பீய்ச்சித் தீர்த்துவிட்டு உறையாத திரவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பியபின் கண்ணாடியில் இரண்டு முறை அடியுங்கள், மெல்லிய குழாயில் தங்கிய பழைய தண்ணீரும் போய்விடும்.