ஊர்ப் பெயரை வைத்து இஃப் ஃபார்முலா போடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் பார்சல் சர்வீஸ், மருந்து மொத்த விற்பனை, ஷூ உதிரிப்பாகக் கடை என்று எதை நடத்தினாலும் எக்செல் கணக்கில் ஊர்ப் பெயருக்கென்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதைப் பார்த்துக் கட்டணம் போட இப்படி எழுதுவார்கள் (எக்செலில் இஃப் முதலிய பெயர்களையும் செல் எண்ணையும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்):

=இஃப்(பி2="வேலூர்",60,100)

பி2 செல்லில் வேலூர் என்று இருந்தால் 60 ரூபாய், இல்லாவிட்டால் 100 என்று பொருள். ஊர்ப் பெயருக்கு மேற்கோள் குறி போடாவிட்டால் #நேம்? என்று பிழை காட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்முலாவை ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டாலும் ஃபார்முலா ஓடாது. இவற்றால் பெரிய ஆபத்தில்லை. உடனே கண்ணில் பட்டுவிடும். பிழையே காட்டாமல் தப்பான தொகையை நிரப்பும் தவறுகள்தான் வியாபாரத்தைக் கெடுக்கின்றன.

மேலே உள்ள ஃபார்முலாவையே பாருங்கள். செல் காலியாக இருந்தாலும் 100. "வேலுர்" என்று குறில் விழுந்திருந்தாலும் 100. உள்ளூர் வாடிக்கையாளரிடம் நாற்பது ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுவோம், யாருக்கும் தெரியாது. "மற்றதெல்லாம் வெளியூர்" என்று விடாமல், தெரிந்த ஊர்களை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை நிறுத்தி வையுங்கள்:

=இஃப்(பி2="வேலூர்",60,இஃப்(பி2="ஆம்பூர்",100,"சரிபார்"))

பெயர் சரியாக இருந்தும் "சரிபார்" வருகிறதா? பின்னால் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கலாம். எழுத்துகளை எண்ணும் லென் போட்டுப் பாருங்கள். "வேலூர்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு ஆறு. ஏழு என்று வந்தால் இடைவெளி இருக்கிறது. ஓரத்து இடைவெளியை நீக்கும் ட்ரிம் போட்டால் போய்விடும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயரில் வரும் 160ஆம் எண் இடைவெளிக்கு ட்ரிம் உதவாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிடியூட் வேண்டும். பழைய கோப்பு பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு. யூனிகோடுக்கு மாற்றாமல் எந்த ஒப்பீடும் பலிக்காது.

இரண்டு ஊர்களுக்கு ஒரே கட்டணம் என்றால், "அல்லது" என்று பொருள்படும் ஆர் ஃபார்முலாவை ஆர்(பி2="ஆம்பூர்","வாணியம்பாடி") என்று சுருக்கக் கூடாது. ஒவ்வோர் ஊருக்கும் பி2= என்று திரும்ப எழுத வேண்டும்.

முகவரிக்குள் ஊரைத் தேடுபவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். பி2="*ஆற்காடு*" என்று இஃப்பில் எழுதினால், "முன்னும் பின்னும் எது இருந்தாலும் சரி" என்று சொல்லும் நட்சத்திரக் குறி வேலை செய்யாது; அது கவுண்ட்இஃப், சம்இஃப் போன்றவற்றில்தான் செல்லும். இஃப்புக்கு, சொல் எங்கே இருக்கிறது என்று தேடும் சர்ச், விடை எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பர் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். அப்போதும் "ஆற்காடு சாலை, வேலூர்" என்ற முகவரி ஆற்காட்டுக் கணக்கில் போய் விழும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. பழைய பில்களில் இன்னும் "ஆம்பூர், வேலூர் மாவட்டம்" என்றே இருக்கும். "வேலூர்" என்று தேடினால் அதுவும் உள்ளூராகிவிடும். ஊருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி நெடுவரிசை வைப்பதே நல்லது.

தொகை நெடுவரிசையில் வேறொரு வில்லங்கம். யாராவது தொகைக்குப் பதிலாக "பாக்கி" என்று தட்டியிருந்தால், =இஃப்(சி2>500,"தள்ளுபடி","") அந்த வரிசைக்கும் தள்ளுபடி கொடுத்துவிடும். எக்செல் எந்தச் சொல்லையும் எண்ணைவிடப் பெரியதாகவே கருதுகிறது. 500ஐ மேற்கோளுக்குள் போட்டால் நேர்மாறு: ஆயிரம் ரூபாய்க்குக்கூடத் தள்ளுபடி கிடைக்காது. விடையை "60" என்று மேற்கோளுக்குள் எழுதினாலும் அது வெறும் எழுத்துதான். கீழே கூட்டுவதற்கான சம் போட்டால் கூட்டலில் சேராது.

ஊர்ப் பெயரைத் தட்டவிடாமல், எக்செலின் டேட்டா வாலிடேஷன் (செல்லில் எதை நிரப்பலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) வழியாகப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது. காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் நிலைத்துவிடும். ஆனால் தட்டுவதைத்தான் அது தடுக்கும். வேறு கோப்பிலிருந்து ஒட்டினால் எதுவும் உள்ளே நுழையும். ஒட்டிய ஒவ்வொரு முறையும் கட்டண நெடுவரிசையில் "சரிபார்" என்பதை வடிகட்டிப் பாருங்கள்.