ஐ.எஸ்.ஓ. 9001 கேட்கும் காலநிலைக் கேள்வி: சிறிய பட்டறைக்காரர் எப்படிப் பதில் எழுதுவது?

2024 பிப்ரவரியில், சர்வதேசத் தரநிலைகளை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு தன் மேலாண்மைத் தரநிலைகள் பலவற்றில் ஒரே நேரத்தில் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தது. 9001 (தரம்), 14001 (சுற்றுச்சூழல்), 45001 (தொழிலாளர் பாதுகாப்பு), 27001 (தகவல் பாதுகாப்பு) எல்லாம் இதில் அடக்கம். 4.1ஆம் பிரிவில் வந்தது கட்டாயம்: காலநிலை மாற்றம் நம்மைப் பாதிக்கும் விஷயமா என்று நிறுவனமே தீர்மானிக்க வேண்டும். 4.2இல் வந்தது வெறும் குறிப்பு: நம்மோடு தொடர்புள்ள தரப்பினருக்கும் இது பற்றிய எதிர்பார்ப்புகள் இருக்கலாம்.

அவ்வளவுதான். கார்பன் கணக்குப் போடச் சொல்லவில்லை, மரம் நடச் சொல்லவில்லை. இதற்காகப் புது சர்டிபிகேட்டும் வேண்டாம். ஆனால் தனி அவகாசம் எதுவும் தரவில்லை, ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட்டுக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டர் கேட்பார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்து ஜெர்மனிக்கு அனுப்பும் பட்டறை ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

படி 1: ஊரிலிருந்து தொடங்குங்கள்

பனிப்பாறை உருகுவதை எழுதாதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023இல் மிக்ஜாம் புயலிலும் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அன்று கம்பிச் சுருள்கள் தரையில் கிடந்தனவா? எத்தனை நாள் டெலிவரி தள்ளிப்போனது? கடைநிலை ஊழியரையும் கேளுங்கள்; தண்ணீர் எந்த வாசல் வழியாக வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

படி 2: வாங்குபவரைக் கேளுங்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி, போல்ட், நட்டு போன்ற இரும்புப் பொருள்களுக்கும் உண்டு. 2023 அக்டோபரில் அறிக்கை தருவதோடு தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து பணச்சுமையாகவும் ஆகிவிட்டது. வரியைக் கட்டுவது இறக்குமதியாளர். ஆனால் பொருள் செய்ததில் வெளியான கார்பன் எவ்வளவு என்ற விவரத்தை அவர் உங்களிடம்தான் கேட்பார். உண்மையான அளவு கிடைக்காவிட்டால் பொது மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். அது அதிகமாக இருந்தால் உங்கள் போல்ட்தான் விலை கூடியதாகத் தெரியும். வாங்குபவரின் மெயில்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடும்.

படி 3: ஆம் அல்லது இல்லை, காரணத்தோடு

"இல்லை" என்றும் எழுதலாம், தவறில்லை. மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து நடத்தும் கணக்கு அலுவலகத்துக்கு அது நியாயமான பதிலாகக்கூட இருக்கலாம். ஆனால் "எங்களுக்குப் பொருந்தாது" என்ற ஒற்றை வரி போதாது, ஏன் என்று இரண்டு வரியாவது வேண்டும். நம் பட்டறைக்கோ சந்தேகமே இல்லை, ஆம்தான்.

படி 4: 6.1க்குக் கொண்டுபோங்கள்

ஆம் என்று எழுதிவிட்டு ஃபைலை மூடினால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். ரிஸ்க்குகளுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று திட்டமிடச் சொல்லும் பிரிவுதான் 6.1. அதற்காக ஏற்கெனவே இருக்கும் ரிஸ்க் பட்டியலிலேயே சேருங்கள், தனிப் பட்டியல் வேண்டாம். கம்பிச் சுருளுக்கு உயர்ந்த மேடை, வாங்குபவர் கேட்கும் கார்பன் விவரத்துக்காக மின்சாரம், டீசல் பயன்பாட்டை மாதாமாதம் பதிவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி.

45001உம் வைத்திருக்கிறீர்களா? அதே பதிலை வெட்டி ஒட்டாதீர்கள். அங்கே கேள்வி சரக்கைப் பற்றியது அல்ல. வெள்ளத்தில் மின்பெட்டி அருகே நிற்பவரையும், மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உலை பார்ப்பவரையும் பற்றியது.

படி 5: மேலாண்மை ஆய்வுக் கூட்டம்

வருடம் ஒருமுறை இதைத் திரும்பப் பேசிக் குறிப்பில் ஏற்றுங்கள். அந்தக் கூட்டத்தை ஆடி மாதத்திலேயே வைத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மேடை கட்டக் கொத்தனாராவது கிடைப்பார்.