அணைக் கணக்கில் பிசகுவது எங்கே? கணினி மாதிரி எழுதுவோரும் மதகு இயக்குவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணையில் எப்போது, எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று சொல்லும் கணினி மாதிரிகள் சமன்பாட்டில் தோற்பது குறைவு. பதிவேட்டில் உள்ள எண் எப்படி வந்தது என்று மதகில் நிற்பவரைக் கேட்காததால்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

முதலில் அலகு. பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே பாருங்கள்: குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணையின் முழு மட்டம் 11.5 மீட்டர், சாத்தனூர் அணைக்கு 119 அடி. இருப்போ இரண்டிலும் மில்லியன் கன அடி. மாதிரிக்கு நிரல் எழுதுபவர் எல்லாவற்றையும் கன மீட்டராக்கிவிட்டு ஒரு கோப்பை மட்டும் மறந்தால் வெளியேற்றம் 35 மடங்கு பிசகும். உள்ளே எந்த அலகில் கணக்குப் போட்டாலும் திரையில் கன அடியே தெரியட்டும். விநாடிக்கு 1,000 கன அடி ஒரு நாள் ஓடினால் 86.4 மில்லியன் கன அடி என்பது இயக்குபவருக்கு மனப்பாடம். தப்பு அவர் கண்ணில்தான் முதலில் படும்.

பெரிய வம்பு நீர்வரத்தில் இருக்கிறது. பல அணைகளில் அதை நேரடியாக அளப்பதில்லை. கூடிய இருப்போடு திறந்ததைக் கூட்டி எழுதுகிறார்கள். நீர்ப்பரப்பு 10 கோடி சதுர அடி என்று வையுங்கள். அலையடிக்கும்போது நீர்மட்ட அளவுகோலை 0.1 அடி தப்பாகப் படித்தால் இருப்பு 10 மில்லியன் கன அடி மாறும். நாள் கணக்கில் அது விநாடிக்கு சுமார் 116 கன அடிதான், தாங்கும். மணிக்கணக்கில் போட்டால் 2,778! இல்லாத வெள்ளம் திரையில் ஏறும், அடுத்த மணியில் வரத்து மைனஸில் இறங்கும். அந்த மைனஸைச் சுழியமாக்கிவிட்டு தரவைச் சுத்தம் செய்தோம் என்பார்கள். பொய் ஏற்றம் அப்படியே நிற்க, அணைக்கு வராத தண்ணீர் கணக்கில் சேர்ந்துவிடும். சில மணி நேரச் சராசரி எடுங்கள். எந்தக் காற்றுக்கு அளவுகோல் ஏமாற்றும் என்பது மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கருக்குத் தெரியும், கேளுங்கள்.

மழை அளவு காலை 8.30-க்கு எடுக்கப்படுவது. கணினி மாதிரி நள்ளிரவில் தேதியை மாற்றினால் மழையும் வரத்தும் வெவ்வேறு தேதியில் விழும்.

மோர்தானா நிரம்பினால் உபரி தானே வழிந்து கௌண்டின்ய ஆற்றில் இறங்கிவிடும். அதை மனிதர் முடிவெடுக்கும் திறப்பாக எழுதக்கூடாது. அங்கே முடிவு இடது, வலது கால்வாய் மதகுகளில்தான். ஷட்டர் உள்ள அணையிலோ, 3,137 கன அடி திற என்றால் எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குவது? ஷட்டர் நகரும் படிகளிலேயே விடை வரவேண்டும். கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் இயக்குபவர் காத்திருப்பதைக் கணினி மாதிரி தாமதம் என்று காட்டும்.

இயக்குபவர் பக்கமும் தவறு உண்டு. விதிப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அதை எப்போதெல்லாம் மீறுகிறோம் என்பதைச் சொல்வதில்லை. மாதிரியின் பரிந்துரையை ஒதுக்கும்போது காரணத்தை ஒரு வரி எழுத இடம் வையுங்கள். ‘மதகில் குப்பை அடைப்பு’ என்பதுகூடப் போதும்.

சோதனைக்கு 2021 நவம்பர் மழை நாட்களை எடுங்கள். முடிவை மறைத்துவிட்டு, மணிக்கொரு அளவாகக் காட்டி, இயக்குபவர் என்ன செய்வார் என்று முதலில் எழுதி வாங்குங்கள். மாதிரியின் விடையை அதன்பிறகே திறக்க வேண்டும்.