ஆடிக்காற்றில் கட்டிப்போட்ட ஆடு: ஊவாப் பக்கம் ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்கள் காட்டுத்தீக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகம் என்றால் எப்போதும் மழையும் மூடுபனியும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கட்டும். நாமும் அதே நினைப்பில் ஆடு மாடு வளர்ப்பதுதான் முதல் தவறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் ஹட்டன், மஸ்கெலியா பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பக்கம் இறங்கும்போது வெறும் காய்ந்த காற்றாகத்தான் வருகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை பத்தனை என்று நாம் சொல்லும் மலைச்சரிவுப் புல்வெளி முழுக்க வைக்கோலாகக் கிடக்கும், ஐப்பசி பிறந்தால்தான் நமக்கு நல்ல மழை. மேற்குப் பக்கத் தோட்டங்களுக்கு இதே காட்டுத்தீ ஆபத்து தை, மாசியில் வரும். மாதம் வேறு, செய்கிற தவறுகள் ஒன்றுதான்.

காட்டுத்தீயில் செத்த ஆடு மாடுகளில் நான் கண்ணால் பார்த்தவற்றைக் கொன்றது முக்கால்வாசி கயிறுதான். இதை என் வீட்டிலேயே பார்த்தேன். ஒரு ஆவணி மாதம், இரண்டு வெள்ளாடுகளை லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே மானாப்புல் சரிவில் முளை அடித்துக் கட்டிவிட்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். பகல் பதினொரு மணி போல ரோட்டோரம் புகை கிளம்பியதைப் பார்த்து ஓடி வந்தும் பிரயோசனம் இல்லை, நான் வருவதற்குள் நெருப்பு சரிவைக் கடந்து போயிருந்தது. இரண்டு ஆடும் கயிறு எட்டுகிற வட்டத்தின் மேல் விளிம்பில் கிடந்தன. இழுத்து இழுத்துப் பார்த்த கால் தடம் மண்ணில் அப்படியே இருந்தது. அவிழ்த்து விட்டிருந்தால் மேலே பச்சைத் தேயிலைக்குள் ஓடித் தப்பியிருக்கும்.

அதனால் காய்ந்த மாதங்களில் பத்தனையில் கட்டிவிட்டுக் கண்காணாத இடத்துக்குப் போகாதீர்கள். முடிந்தவரை புல்லை அறுத்துக் கொண்டுவந்து பட்டியிலேயே போடுங்கள். கட்டத்தான் வேண்டும் என்றால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். நைலோன் கயிறும் வேண்டாம். சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைப் பிரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். தும்புக் கயிறு போதும். பட்டித் தூணில் ஒரு கத்தியை எப்போதும் செருகி வையுங்கள், நெருப்பு நேரத்தில் கை நடுங்கும்போது எந்த முடிச்சும் அவிழாது.

அடுத்தது பட்டி இருக்கும் இடம். நெருப்பு இறக்கத்தைவிட ஏற்றத்தில் பல மடங்கு வேகமாக ஓடும், ஏனென்றால் சுவாலை மேல்பக்கப் புல்லின் மேல் சாய்ந்து அதை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது தீயணைப்பவர்கள் சொல்லும் கணக்கு. நம்முடைய சரிவுகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. நாமோ லயத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில், பெரும்பாலும் ஓடை மேலே ஏறி முடிகிற இடத்தில், பட்டியைப் போட்டுவிடுகிறோம். ஓடைப் பள்ளம் நெருப்புக்குப் புகைபோக்கி மாதிரி. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், நினைத்த இடத்தில் கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். சரி, இடத்தை மாற்ற முடியாவிட்டாலும் பட்டியின் கீழ்ப்பக்கம் 30 அடிக்காவது மானாவையும் சருகையும் செதுக்கி எடுத்துவிடலாம். அந்த இடத்தில் குவாட்டமாலா புல், கோ-3 தீவனப்புல், வாழை என்று எதையாவது நட்டுப் பச்சையாக வைத்திருந்தால் நெருப்பின் வேகமும் குறையும், தீவனமும் கிடைக்கும். கவனித்துப் பார்க்கும் தேயிலை மலை லேசில் பற்றாது. மானா ஏறிக் காடாகிப்போன தேயிலையும், கவாத்துக் குச்சி காய்ந்து கிடக்கும் மலையும் அப்படியல்ல, அவற்றை ஒட்டிப் பட்டி இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

மானாப்புல்லால் பட்டிக்குக் கூரை வேய்வது குளிருக்கு நல்லதுதான், ஆனால் மானா சிட்ரோனெல்லா எண்ணெய் உள்ள புல், ஒரு பொறி விழுந்தால் போதும். தகரம் போடுங்கள். தகரத்துக்கு மேல் தறப்பாள் விரித்து அதன்மேல் விறகு அடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். காற்றில் பறந்து வரும் தணல் முதலில் தங்குவது அங்கேதான். விறகும் வைக்கோலும் பட்டிச் சுவரோடு ஒட்டி இருக்கவே கூடாது.

கோழிக்கு வருவோம். மரநாய்க்குப் பயந்து கூட்டை வெளியே பூட்டிச் சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போவது நம் வீடுகளில் வழக்கம். தீ வரும் நாளில் பக்கத்து வீட்டார் திறக்க நினைத்தாலும் முடியாது. பூட்டுக்குப் பதில் கொக்கி போடுங்கள், எப்படித் திறப்பது என்று லயத்தில் இரண்டு பேருக்காவது காட்டி வையுங்கள். கதவைத் திறந்துவிட்டால் கோழி தானாக ஓடிவிடும் என்றும் நம்பாதீர்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அடைந்த கம்பிலேயே உட்கார்ந்திருக்கும், கையால்தான் பிடித்து எடுக்க வேண்டும். உரச்சாக்கில் திணித்துத் தூக்கினால் நெருப்புக்குத் தப்பியவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். பிரம்புக் கூடை, ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடை இரண்டு மூன்றைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பறவைகளின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்திருப்பதால் புகை அவற்றை நம்மைவிட வேகமாகத் தாக்கும், ஆகவே நமக்கு இருமல் வரும்வரை காத்திருந்தால் கோழிக்கு அது தாமதம். இன்னொன்று, நெருப்பு எப்போதும் காட்டிலிருந்துதான் வரும் என்றில்லை. குளிருக்காகக் குஞ்சுகளுக்குப் போடும் பல்ப் மரத்தூள் மேல் தாழ்வாகத் தொங்கினாலும், கரிச்சட்டி சாய்ந்தாலும் கூடே எரியும். பல்பைக் கம்பியால் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள், சட்டியைச் சுற்றிக் கல் வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. முட்டைக் கோழி ஒன்று சாதாரண நாளில் கால் லீற்றர் குடிக்கும், வெயிலில் அது இரட்டிப்பாகும். 10 லீற்றர் பால் தரும் பசுவுக்கு நாளொன்றுக்கு 50, 60 லீற்றர் வேண்டும். ஒகஸ்ட்டில் பீலியில் நூல் மாதிரி ஒழுகும் தண்ணீருக்கு லயமே வாளியோடு வரிசையில் நிற்கும்போது இது எங்கிருந்து வரும்? ஆனி பிறக்கும்போதே இரண்டு பெரல் நிரப்பி, மூடி போட்டு, நிழலில் வையுங்கள். ஒன்றைத் தினமும் புழங்குங்கள், மற்றதைத் தீ நாளுக்கென்று தொடாமல் வையுங்கள், அதில் சாக்கை நனைத்துப் போட்டு அடித்தால் சின்ன நெருப்பை அணைக்கலாம்.

இப்போது சொல்லப்போவதில் சிலருக்குக் கோபம் வரலாம். பத்தனையில் நெருப்பு வைப்பவர்களில் மாட்டுக்காரரும் இருக்கிறார்கள், கொளுத்தினால் பச்சைத் துளிர் வரும் என்று. துளிர் வருவது உண்மைதான், ஆனால் சில வாரத்துக்குத்தான், பிறகு மாடு வாய் வைக்காத முரட்டு மானாவாகவே அது முற்றும். வருடா வருடம் எரித்த சரிவில் ஐப்பசி மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விடும், அடுத்த வருடம் அந்தப் புல்லும் குறையும். காட்டுக்குத் தீ வைப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆடிக்காற்றில் வைத்த நெருப்பு வைத்தவன் சொன்ன இடத்தில் நிற்காது. உங்கள் ஒரு மாட்டின் துளிருக்காக அடுத்த லயத்துப் பிள்ளைகளின் கூரையைப் பணயம் வைக்காதீர்கள். மழை இருக்கும்போதே கோ-3 நட்டு, மிஞ்சியதை வெட்டிக் காற்றுப் புகாமல் பெரலில் அடைத்து சைலேஜ் போட்டு வைத்தால் இரண்டு மாதத்தை ஓட்டலாம். தீவனம் முடிந்து பசியில் அவிழ்த்துவிட்டால் மாடும் ஆடும் உண்ணிச்செடியைத் தின்னும். அது ஈரலைக் கெடுக்கும், கண் மஞ்சளாகும், வெயில் படுகிற வெள்ளைத் தோல் வெந்தது போல உரியும். அப்படிக் கண்டால் உடனே நிழலில் கட்டி மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

தீ வந்த அன்று செய்யும் பெரிய தவறு, புகையைப் பார்த்துக்கொண்டே "இங்கே வராது" என்று நிற்பது. புகை கீழ்ப்பக்கம் தெரிந்து காற்று நம் பக்கம் வீசினால் அப்போதே நகருங்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் முதலில், அப்புறம்தான் மாடு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, தீயணைப்புக்கு 110, இரண்டையும் பட்டிக் கதவில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். மாட்டை வெளியே கொண்டுவந்ததும் பட்டிக் கதவை இழுத்து மூடிவிடுங்கள், பயந்த மாடு பழகின இடத்துக்கே திரும்பி ஓடும். கொண்டுபோக நேரமே இல்லையென்றால் கயிற்றை வெட்டி விரட்டிவிடுங்கள், பிறகு தேடிக்கொள்ளலாம்.

நெருப்பு அணைந்த மறுநாள் மேய விடவே கூடாது. சாம்பலுக்கு அடியில் வேரும் அடிக்கட்டையும் நாள்கணக்கில் தணலாகக் கிடக்கும். எரிந்த இடத்தில் முதலில் தலைகாட்டும் பெரணித் துளிரும் மாட்டுக்கு நஞ்சு, தொடர்ந்து தின்றால் சிறுநீரில் இரத்தம் போகும். புகை குடித்த மாட்டின் நுரையீரல் தேறுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதுவரை தூரம் நடத்தாதீர்கள், தூசிபறக்கும் தவிட்டையும் வைக்கோலையும் ஈரமாக்கிக் கொடுங்கள். மடியையும் காலையும் அன்றே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். குளம்புக்குள் பட்ட சூடு சில நேரம் பத்து, பதினான்கு நாள் கழித்துத்தான் தெரியும், நொண்டும், குளம்பு விளிம்பில் பிளவு விடும். இரண்டு வாரம் தினமும் ஒவ்வொரு காலையும் தூக்கிப் பாருங்கள்.