காட்டுக் காடை கொல்லைக்கு வர என்ன செய்யலாம்?

ஓட்டலில் தட்டில் வருவது பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. இங்கே சொல்லப்போவது காட்டுக் காடையைப் பற்றி. வீட்டை ஒட்டி மானாவாரி நிலமோ தரிசோ மேய்ச்சல் காடோ இருந்தால் அது உங்கள் வேலி வரைக்கும் ஏற்கெனவே வந்து போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நகரத்து நடுவில் குடியிருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

படி 1: எந்தக் காடை?

முதலில் கௌதாரியைக் கழித்துவிடுங்கள். அது ஏறக்குறைய ஓர் அடி நீளம். ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தும். காடை அதில் பாதிதான் இருக்கும்.

காலடியிலிருந்து ‘விர்ர்’ என்று கிளம்பிவிட்டால் பழுப்பாக ஏதோ போனது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. தரையில் மேயும்போதே பாருங்கள். கூட்டமாக மேய்ந்து, ஆணின் நெஞ்சில் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய குறுக்குக் கோடுகள் இருந்தால் புதர்க்காடை. ஆணின் மார்பில் கறுப்புத் திட்டு, தொண்டையில் கறுப்பு வெள்ளைக் கோலம் என்றால் மழைக்காடை. மழை தொடங்கியதும் காலை மாலையில் ‘விட்-விட்’ என்று இரட்டை இரட்டையாகக் குரல் கொடுக்கும்.

மூன்றாவது ஒன்று, தோட்டங்களில் சாதாரணமாகத் தட்டுப்படுவது; ஆங்கிலத்தில் ‘பட்டன்குவெயில்’ (buttonquail) என்பார்கள். காலில் பின்விரலே கிடையாது, முன்விரல் மூன்று மட்டும்தான். பார்க்கக் காடை மாதிரி இருந்தாலும் உறவுமுறையில் இது கடற்காகம், உள்ளான் கூட்டத்தைச் சேர்ந்தது. இதில் பெண்தான் பெரியது. கறுத்த தொண்டை அதற்குத்தான். தூரத்தில் மோட்டார் பைக் ஓடுவதுபோல ‘ட்ர்ர்ர்’ என்று கூப்பிடுவதும் அதுவே. முட்டையிட்டதோடு பெண்ணின் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்.

படி 2: தடயம்

வேலியோரப் புழுதியில் உள்ளங்கை அகலத்தில் வட்டக் குழிகள் தெரிகிறதா? மண்குளியல் போட்ட இடம். சிறு இறகும் கிடந்தால் இன்னும் நல்லது. ஆனால் கோழி, சிட்டுக்குருவி எல்லாமே புழுதியில் புரளும் என்பதால் கண்ணால் பார்க்கும்வரை முடிவுகட்ட வேண்டாம்.

படி 3: மறைவு

பெரும்பாலானவர்கள் தானியத்தில் ஆரம்பிக்கிறார்கள். காடைக்கு இரையைவிட ஒளிய இடம்தான் முக்கியம். பெருக்கிச் சுத்தமாக வைத்த கொல்லையில் மூட்டை கம்பைக் கொட்டினாலும் புறாதான் வந்து தின்றுவிட்டுப் போகும்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டுக்காக உண்டாக்கிய ஏற்பாடு, காடைக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. அதையே சிறிய அளவில் செய்யுங்கள். ஒரு மூலையில் புல்லை முழங்கால் உயரம் வரை விடுங்கள். அதை ஒட்டி வேலமுள் வெட்டிக் குவியுங்கள். அடியில் காடை நுழையச் சந்து இருக்கட்டும். கம்பிவேலிக்குப் பதில் கிளுவைப் போத்து நட்டால் நல்லது. மதில் சுவர் இருந்தால் தரைமட்டத்தில் இரண்டு ஓட்டை விடுங்கள், ஏனென்றால் காடை பெரும்பாலும் நடந்துதான் வரும்.

படி 4: தண்ணீர், இரை

அகலமான மண்தட்டைத் தரையில் பதித்து, ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றுங்கள். குஞ்சு விழுந்தால் ஏறிவரக் கூழாங்கல் போடுங்கள். முள்குவியலுக்கு அருகிலேயே இருக்கட்டும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு.

கம்பு, தினை, சாமை எதுவானாலும் ஒரு கைப்பிடி போதும். மிஞ்சினால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். விதைநேர்த்தி செய்த விதையை மறந்தும் போடாதீர்கள்; அதில் மருந்து இருக்கும். குஞ்சுகளுக்குத் தானியத்தைவிடக் கறையான், எறும்பு, சின்னப் பூச்சிகள்தான் முக்கிய இரை, அதனால் அந்த மூலையில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிக்கக் கூடாது. வளர்ப்புப் பூனை வெளியே சுற்றுகிற வீடென்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். காடையைக் கூப்பிட்டுக் கொலைசெய்த கதையாகிவிடும்.

படி 5: வந்த பிறகு

கைப்பேசியில் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூடு தரையில், புல் தூருக்கடியில் இருக்கும்; கண்ணில் பட்டால் நின்று பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். மழைக்காலம் முடியும்வரை அந்த மூலையில் களை எடுக்க வேண்டாம். பிறகு புல் அறுக்கும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் வேலிப்பக்கம் ஓடித் தப்ப வழியிருக்கும்.